பனங்கட்டி வந்த நாட்கள்

மே 2, செவ்வாய்

சோப்புத்தூள் டப்பாவின் உட்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சுவிஸில் நான் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் துணி துவைக்கும் மெஷின் நிலவறையில் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு நாள். எனக்குச் செவ்வாய். டப்பாவை மெஷின் மேலேயே விட்டுவிட்டு வருவது என் வழக்கம். சில வாரமாகப் பார்க்கிறேன், நான் அள்ளிப் போடுவதைவிட வேகமாகத் தூள் இறங்குகிறது. புதன்கிழமைக்காரி கீழ்வீட்டு ரோஷா அம்மாள். கோயில் குருவி மாதிரி சாதுவாக இருப்பார். அப்படிப்பட்டவர்கள்மேல்தான் எனக்கு முதலில் கண் போகும்.

நேற்றிலிருந்து மோதல்கள் ஆரம்பம். பூமிக்கடியில் உள்ள பெரிய வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோத வைக்கிறோம். மோதுகிற இடத்தைச் சுற்றி நாலு மாடி உயரத்துக்கு டிடெக்டர். சிதறி விழுவதில் இதுவரை யாரும் பார்க்காத துகள் ஏதாவது உண்டா என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. போன வருடம் எங்கள் வரைபடத்தில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது, தோசை நடுவில் உப்பின மாதிரி. தெரிந்த இயற்பியல் எதுவும் அந்த இடத்தில் மேடு இருக்கும் என்று சொல்லவில்லை. புதுத் துகளாக இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இந்த வருட மோதல்களிலும் மேடு வந்தால் உண்மை. வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூட்டை என்று எழுதியது என்னுடையதையும் சேர்த்துத்தான். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. மேடு நிலைத்தால் நிரந்தர வேலை என்று குழுத் தலைவி இங்கிரிட் வாயால் சொல்லவில்லை, மற்ற எல்லா விதத்திலும் சொல்லிவிட்டார். எனக்கு நாற்பத்து நாலு வயது. இந்தத் துறையில் இந்த வயசுக்காரிக்கு இன்னொரு ஒப்பந்தம் யார் தருவார்கள்?

மே 3, புதன்

பெட்டி பூட்டியாகிவிட்டது. மனிதக் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்பதற்காக எங்கள் குழுவில் ஒரு வழக்கம். மேடு இருந்த இடத்தில் விழும் மோதல்களை மட்டும் கணினி தனியே ஒதுக்கி மூடிவிடும். அதைத்தான் பெட்டி என்கிறோம். கடைசியில் எல்லாரும் கூடியிருந்து திறப்போம். அதுவரை பார்க்கக் கூடாது. ஆனால் முந்தைய நாள் மோதல்கள் உள்ளே ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றனவா என்று தினமும் காலையில் யாராவது ஒருவர் திறந்து பார்த்துத்தானே ஆகவேண்டும்? அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். அவர் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது, பார்த்ததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இந்த வருடச் சாவிக்காரர் குகநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு வயதில் தாய் தகப்பனோடு சுவிஸுக்கு வந்தவர். நல்ல மூளை, சிரித்த முகம். வந்த முதல் நாளே என்னை "ஹெப்சி அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் எப்போது அவருக்கு அக்கா ஆனேன்? ஹெப்சிபா என்று முழுசாகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

என் வேலை, ரன்களுக்கு மார்க் போடுவது. வளையத்தில் ஒரு தடவை புரோட்டான் நிரப்பி, அது தீரும்வரை மோதவிடுவது ஒரு ரன். அநேகமாக நாளுக்கு ஒன்று. முந்தைய நாள் ரன்னில் டிடெக்டர் ஒழுங்காக வேலை செய்ததா என்று மதியத்துக்கு மேல் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று நான் எழுதவேண்டும். பாஸானது கணக்கில் சேரும், ஃபெயிலானது குப்பை. கோளாறே இல்லாத ரன் கிடையாது. அது பொறுக்கக்கூடிய கோளாறா இல்லையா என்பதற்கு எழுதிவைத்த விதியும் உண்டு, அதற்குமேல் அனுபவமும் வேண்டும். அந்த அனுபவம் என்னைவிட யாருக்கும் இல்லை என்று இங்கிரிட்டே சொல்வார்.

மே 4, வியாழன்

காலையில் தேநீர் அறையில் குகநேசன் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றார்.

"ஹெப்சி அக்கா, தேத்தண்ணி ஊத்தவோ?"

"நான் காபி குடிச்சிட்டேன்."

"பரவாயில்லை, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. அம்மா ஊருக்குப் போட்டு வந்தவா. பனங்கட்டி கொண்டு வந்தவா."

பனையோலைக் குட்டான் பெட்டியிலிருந்து ஒரு துண்டு உடைத்துக் கையில் வைத்தார். எங்கள் பாளையங்கோட்டையில் கருப்பட்டி என்போம். வாயில் போட்டு, மேலே தேநீரை விட்டேன். அசல் சரக்கு, சீனி கலப்படம் துளியும் இல்லை. அதனால்தான் சந்தேகம் கூடியது. காரணம் இல்லாமல் ஒரு மனுஷன் இப்படிப்பட்ட கருப்பட்டியைப் பங்கு வைப்பானா?

ரன்: நடு அடுக்கில் பத்து நிமிடம் வோல்டேஜ் இறங்கியிருந்தது. அற்ப விஷயம். பாஸ்.

மே 5, வெள்ளி

இன்று தேநீரும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. மெஷினில் ஒரு காபி பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நானாகக் குட்மார்னிங் சொன்னதற்கு ஒரு தலையாட்டல். நேற்று அக்கா, இன்று யாரோ. நேற்று நான் சந்தேகப்பட்டது சும்மாவா?

ரன்: நடு அடுக்கில் எட்டு நிமிடம் வோல்டேஜ் இறக்கம். விதி விதிதான். ஃபெயில்.

மே 9, செவ்வாய்

தூள் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியும்.

மே 10, புதன்

மூன்று மணிக்கு குகநேசன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். புதன்கிழமை தோறும் இப்படித்தான் போகிறார் என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னாள். நானும் பின்னால் போய் அதே பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. வளையத்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு டிடெக்டர், இன்னொரு குழு. அவர்களும் இதே துகளைத்தான் தேடுகிறார்கள். எங்கள் பெட்டிக்குள் என்ன விழுகிறது என்று இப்போதே தெரிந்தால் அவர்கள் முந்திக்கொள்வார்கள்.

பஸ் எதிர்ப்பக்கம்தான் போயிற்று. அவர்கள் கட்டடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே அவர் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்தார். நேராக வாசலில் போய் இறங்க அவர் என்ன முட்டாளா? நான் இறங்கவில்லை. பார்த்தவரை போதும்.

மே 14, ஞாயிறு

ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரர் செல்வினோடு போனில் பேசினேன். கல்லூரி விடுமுறை, மனுஷன் வீட்டில் மாங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறார். சோப்புத்தூள் கதையையும் பஸ் கதையையும் சொன்னேன்.

"ஏட்டி, நீ துகளத் தேடுதியா, திருடனத் தேடுதியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் முகத்தக் காட்டாது."

"என்னயும் இப்படித்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கியா?"

"ஒங்களச் சந்தேகப்பட என்ன இருக்கு? ஊறுகாய்க்கு உப்புப் போட்டேளா இல்லையான்னு மட்டுந்தான்."

சிரித்தார். டிசம்பரில் வந்துவிடுவேனா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் படும் பாடு போனிலேயே தெரிகிறது. வந்தால் அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

மே 17, புதன்

டப்பாவில் பிரெஞ்சில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "இது என் சொந்தத் தூள். நன்றி. மூன்றாம் மாடி." நன்றி என்பதை அடிக்கோடிட்டேன்.

காலையில் தேநீர், பனங்கட்டி. குகநேசன் ஓரமாக நின்று மெட்டு வேறு முணுமுணுத்தார். எதிர்க்குழு ஏதாவது வேலை தருவதாகச் சொல்லியிருக்கும்.

ரன்: வாயுவின் வெப்பநிலை அரை டிகிரி கூடுதல். அரை டிகிரியில் என்ன வந்துவிடும்? பாஸ்.

மே 19, வெள்ளி

உம்மென்று இருந்தார். வாயு வெப்பநிலை அரை டிகிரி கூடுதல். தொடர்ந்து இப்படி வந்தால் விட்டுவிட முடியாது. ஃபெயில்.

மே 22, திங்கள்

பெரிய துண்டாகப் பனங்கட்டி. என்ன காரியமோ. பாஸ்.

மே 23, செவ்வாய்

தூள் கோட்டுக்கு மேலே வந்திருக்கிறது! சீட்டைப் பார்த்ததும் ரோஷா அம்மாளுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது. திருடியதைத் திருப்பி வைக்கிறவள் திருடி இல்லை என்று ஆகிவிடுமா?

குகநேசன் தேநீர் அறைப் பக்கமே வரவில்லை. வெளிப்புற அடுக்கில் கொஞ்சம் இரைச்சல். ஃபெயில்.

ஜூன் 1, வியாழன்

ஒரு விஷயம் எழுதிவைக்க வேண்டும். இப்போதெல்லாம் காலை தேநீர் அறையிலேயே எனக்குத் தோன்றிவிடுகிறது, இன்று பார்க்கப்போகும் ரன் நல்ல ரன், அல்லது மோசமான ரன் என்று. மதியம் உட்கார்ந்து பார்த்தால் அநேகமாக அப்படியே இருக்கிறது. இத்தனை வருடத்து உழைப்பு சும்மா போகாது. அனுபவம் என்றால் இதுதான்.

ஜூன் 12, திங்கள்

நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்தை அனுப்பினேன். ஜன்னல் கண்ணாடி துடைத்தேன். தேநீர். பாஸ்.

ஜூன் 26, திங்கள்

பெட்டியைத் திறந்தோம்.

பெரிய அறையில் எல்லாரும். திரையில் வரைபடம் வந்தது. யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மேடு நின்றது. அதே இடத்தில், போன வருடத்தைவிட உயரமாக. இங்கிரிட் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். யாருமே பார்த்திராத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அதை முதலில் பார்த்தவர்களில் பாளையங்கோட்டை ஹெப்சிபாவும் ஒருத்தி. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுது ரொம்ப நாளாயிற்று.

குகநேசன் மட்டும் கை தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, எத்தினை ரன்னை விட்டனீங்கள்?"

"விட வேண்டியத விட்டேன். ஏன்?"

"நான் காலையில காலையில பாத்த கணக்கோட இது ஒத்து வரேல்லை. எல்லா ரன்னையும் சேத்தால் மேடே இல்லை, அக்கா."

நல்ல நாளில் வந்து சொல்லுகிற சொல்லா இது?

ஜூன் 27, செவ்வாய்

அவர் இங்கிரிட்டிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். ஜப்பானில் இருக்கும் எங்கள் குழுவினர் இருவருக்கு எல்லா ரன்களையும் அனுப்பி, எழுதிவைத்த அதே விதிகளை வைத்து மறுபடி மார்க் போடச் சொல்லியிருக்கிறார் இங்கிரிட். போடட்டும். எனக்கு என்ன பயம்?

தூங்கமாட்டேன் என்று தெரிந்து சாயங்காலமே ரசம் வைத்துக் குடித்தேன்.

ஜூலை 3, திங்கள்

ஜப்பான்காரர்களின் மார்க் வந்துவிட்டது. நான் ஃபெயில் போட்டதில் பாதிக்கு மேல் அவர்கள் பாஸ் போட்டிருக்கிறார்கள். நான் பாஸ் போட்ட சிலதை ஃபெயில் ஆக்கியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் மேடு இல்லை. தட்டையாக, கோட்டோடு கோடாகக் கிடக்கிறது.

இங்கிரிட் கோபப்படவில்லை. "இது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை, ஹெப்சிபா. ரன்களை யாரோ பெட்டிக்குள் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாதிரி இருக்கிறது" என்றார்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. ஆண்டவர் அறிய, அந்தப் பக்கம் போகவில்லை. அப்படியானால்? பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஜூலை 4, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். குகநேசன் புதன்கிழமை தோறும் எதிர்க்குழுவின் பக்கம் போவது. ஒரு நாள் தேனாகப் பேசி மறுநாள் முகம் திருப்பிக்கொள்வது. மேடு தெரிந்த அன்றே அதைக் கொல்லக் கிளம்பியது. எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என் மேல் தப்பில்லை என்றால் தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும்.

துணி துவைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

இங்கிரிட்டின் அறையில் மூன்று பேர். அவர், நான், குகநேசன்.

முதலில் புதன்கிழமை. குகநேசன் என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "அக்கா, அங்கை எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குது. புதன்கிழமையில பிள்ளையளுக்குப் பின்னேரம் பள்ளி இல்லை. நான் தமிழ் படிப்பிக்கப் போறனான்." இங்கிரிட்டுக்கு அது ஏற்கெனவே தெரியுமாம். எல்லாருக்கும் தெரியுமாம். என்னைத் தவிர.

அடுத்து, முகம் மாறுவது. "எந்தெந்த நாட்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார் இங்கிரிட்.

ஞாபகமா? எனக்கா? மே நாலு தேநீர், ஐந்து இல்லை. பதினேழு தேநீர், பத்தொன்பது உம். இருபத்திரண்டு பெரிய துண்டு, மறுநாள் ஆளையே காணோம். ஒப்பித்துக்கொண்டே போனேன். என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. இங்கிரிட் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"பெட்டிக்குள் ஒவ்வொரு ரன்னிலும் எத்தனை விழுந்தது என்று இதில் இருக்கிறது. அதிகம் விழுந்த நாளெல்லாம் நீங்கள் தேநீர் என்று சொன்ன நாள். குறைவாக விழுந்த நாளெல்லாம் தேநீர் இல்லாத நாள். ஒன்றுகூடத் தவறவில்லை." திரையை என் பக்கம் திருப்பினார். "இதன் எதிரில் இருப்பது நீங்கள் போட்ட மார்க்."

தேநீர், பாஸ். தேநீர் இல்லை, ஃபெயில். கீழே வரைக்கும் அப்படியே போயிற்று. அதிகம் விழுந்த ரன்களைச் சேர்த்து, குறைவாக விழுந்ததைத் தள்ளினால் மேடு தானாக உயரத்தானே செய்யும்?

இங்கிரிட் குகநேசன் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்."

"இல்லை."

"சொல்லாமல் இப்படி நடக்காது. திங்கட்கிழமை மேற்குழுவுக்கு எழுதுகிறேன். அதுவரை சாவியை ஒப்படைத்துவிடுங்கள்."

குகநேசன் எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அக்கா, நான் ஒரு சொல்லு உங்களுக்குச் சொன்னனானோ? நீங்களாவது சொல்லுங்கோவன்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, சனி

யோசித்துப் பார்த்தால், ஒரு விதத்தில் அவர் சொன்னார் என்றுதானே ஆகிறது? வாயால் இல்லை என்றாலும். சாவிக்காரர் என்றால் முகத்தையும் பூட்டிவைக்க வேண்டாமா? அவர் சொன்னதாக முடிந்தால், நான் வெறுமனே காதில் வாங்கியவள். கேட்டுப் பெற்றவள் இல்லை. விண்ணப்பம் ஒருவேளை தப்பிக்கலாம். மேடு போனாலும் ஆள் மிஞ்சலாம்.

அவருக்கு? பெட்டியைக் கசியவிட்டவர் என்று ஒரு தடவை பெயர் வந்தால் இந்தத் துறையில் எந்த நாட்டிலும் கதவு திறக்காது. சின்ன வயது, வேறு வேலை கிடைக்கும் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை வழக்கமான இட்லி மாவைக்கூட அரைக்காமல், வெளியே போகாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

செல்வினிடம் விசாரணையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சோப்புத்தூளைப் பற்றிப் பேசினேன். ரோஷா அம்மாள் மறுபடி ஆரம்பித்துவிட்டார், தூள் இறங்குகிறது என்றேன்.

"டப்பாவ எங்கன வச்சிருக்க?"

"மெஷின் மேல."

"மெஷின் ஓடும்போது ஆடுமா?"

"ஆடாம? கட்டடமே ஆடும்."

"அப்ப தூளு அமுங்காதாட்டி? அரிசிப் படிய ரெண்டு தட்டுத் தட்டுனா எறங்குது பாத்ததில்லையா? நீயெல்லாம் பிசிக்ஸ்ல டாக்டரு."

அவர் சிரித்தார். நான் எதை வைத்துப் பழி சொன்னேனோ அது என் கண் முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆடுகிற மெஷின்மேல் டப்பாவை வைத்தவள் நான். கோடு போட்டவளும் நான். ஒருத்தியைத் திருடி என்று தீர்மானித்த பிறகு டப்பாவை எங்கே வைத்திருக்கிறேன் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"என்னட்டி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒரு காரியம் இருக்கு."

போனை வைத்துவிட்டுப் பழைய பக்கங்களைப் படித்தேன். மே நாலிலிருந்து. பத்து நிமிடம் அற்ப விஷயம், எட்டு நிமிடத்துக்கு விதி. அரை டிகிரிக்கு மன்னிப்பு, அதே அரை டிகிரிக்குத் தண்டனை. என் கையெழுத்துதான். வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 10, திங்கள்

இங்கிரிட் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன்.

"குகநேசன் எனக்கு எதுவும் சொல்லவில்லை" என்றேன். "அவர் ஒளித்து வைத்ததை நான்தான் எடுத்தேன். எதிர்க்குழுவுக்குச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டு, காலையில் வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். எப்போது சிரிக்கிறார், எப்போது சிரிக்கவில்லை என்று என்னைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மதியம் மார்க் போட்டிருக்கிறேன். போடும்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தேன் என்பதால் அது அவர் செய்ததாக ஆகாது."

இங்கிரிட் தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "இதை எழுத்தில் கொடுத்தால் உங்கள் மார்க் முழுவதும் செல்லாது. உங்கள் விண்ணப்பமும்."

"தெரியும்."

"அவரைக் கவனிக்காமல் இருந்திருந்தால் பெட்டி மூடியே இருந்திருக்கும், ஹெப்சிபா."

அதுவும் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேநீர் அறையில் குகநேசன் நின்றார். கையில் எதுவும் இல்லை. அவரிடமும் சொன்னேன்.

"எனக்கும் அந்தத் துகள் வரவேணுமெண்டு ஆசையா இருந்தது, அக்கா. நிறைய விழுந்த நாளையில என்னால சும்மா இருக்கேலாது. ஆருக்காவது ஏதாவது குடுக்கவேணும் போல இருக்கும். அதுதான் வந்தனான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் என்னை அப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது."

மன்னிப்புக் கேட்டேன். போட்டு வாறன் அக்கா என்றுவிட்டுப் போனார்.

ஜூலை 11, செவ்வாய்

சீட்டைக் கிழித்தேன். புது சோப்புத்தூள் டப்பா ஒன்று வாங்கி ரோஷா அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தச் சீட்டைப் பார்த்தபோது, மூன்றாம் மாடிப் பெண்ணிடம் தூள் தீர்ந்துவிட்டது போல, கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாராம். தன்னுடையதிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டாராம். என் பிரெஞ்சு அவ்வளவு மோசமா, இல்லை அந்த அம்மாள் அவ்வளவு நல்லவரா? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஆப்பிள் கேக் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

மேடு இல்லை என்று ஜப்பான்காரர்களின் கணக்கை வைத்து அறிக்கை எழுதிவிட்டார்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். டிசம்பர் வரை வேலையைத் தொடரலாமாம். செல்வினிடம் சொன்னேன். "வா" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பரவாயில்லை என்று இருந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

இலையுதிர் கால மோதல்கள் இன்று ஆரம்பம். பெட்டி மறுபடி பூட்டியாகிவிட்டது. சாவி குகநேசனிடமேதான். புது விதி ஒன்று சேர்ந்திருக்கிறது. சாவிக்காரரும் ரன்னுக்கு மார்க் போடுகிறவரும் பெட்டி திறக்கும்வரை ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது, சேர்ந்து சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. விதியின் வாசகத்தை என்னையே எழுதச் சொன்னார் இங்கிரிட். "குடிக்கவோ" என்பதை நான்தான் சேர்த்தேன். மார்க் போட என்னோடு ஜப்பான்காரர் ஒருவரும் இருக்கிறார்.

குகநேசன் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டார். காலையில் தேநீர் அறைக்கு யாரும் வருவதில்லை. நானே கெட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். சீனி போட்டுக் குடிக்கிறேன்.

அக்டோபர் 2, திங்கள்

சாயங்காலம் டிராம் நிறுத்தத்தில் குகநேசனின் முதுகைத்தான் முதலில் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார். நான் டக்கென்று தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"ஹெப்சி அக்கா! என்னில இன்னும் கோவமோ?"

"ஐயோ, கோவம் ஒங்களுக்குத்தான் இருக்கணும். நேத்து ரன்னுக்கு நான் இன்னும் மார்க் போடல. ஒங்க மூஞ்சியப் பாக்கக் கூடாது."

பை திறக்கும் சத்தம், ஓலை உரசும் சத்தம்.

"அம்மா திரும்ப அனுப்பினவா. நீங்கள் டிசம்பரில போறியள் எண்டு கேள்விப்பட்டனான். இது விதிக்குள்ள வராது அக்கா, சும்மா குடுக்கிறன். இந்தாங்கோ."

"தம்பி, அந்தப் பக்கம் திரும்பி நின்னு குடுங்க."

அவரைத் தம்பி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிக்கவும் கூடாது" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்று, கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டினார். நிறுத்தத்தில் நின்ற நாலு பேரும் எங்களையே பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவி வாங்கி, துண்டு பெரிசா சின்னதா என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டேன்.